வெளிர் மஞ்சள்

“அந்தக் கைய எடும்மா. மேடம் உன்னக் கேக்கறாங்க, நீ உள்ளங்கைக்குப் பதில் சொல்லிட்டிருக்க.”

வேதியியல் ஆசிரியர் சிவப்பிரகாசம் சொன்னதும், ஆய்வகத்தின் வாசலில் வரிசையாக நின்றிருந்த மாணவர்கள் சிரித்தார்கள்.

மாதேஸ்வரி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

“வாயு, மேடம். அறை வெப்பநிலையில ஃப்ளூரின் வாயு.”

கேள்வி கேட்ட மேடம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வாய்மொழித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்தவள்.

பதில் சரி. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணின் பற்களை.

முன்பற்களின் குறுக்கே பழுப்புக் கோடுகள். மழை இறங்கிக் காய்ந்த சுவர் போல.

பார்த்தவள் தன் உதடுகளை மூடிக்கொண்டாள்.

காலையிலிருந்து எல்லோரிடமும் ஒரே வரிசையில்தான் கேட்டு வந்தாள். நிலை. நிறம். கொதிநிலை.

அடுத்தது நிறம். பதில், வெளிர் மஞ்சள்.

கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அங்கே வழுவழுப்பான பீங்கானைத் தொட்டது. வேலை கிடைத்த வருடம் பல் மருத்துவர் பொருத்திய வெள்ளை உறைகள். அவற்றுக்கு அடியில் அவளுடைய சொந்தப் பற்கள், ராவப்பட்டு, வெளிச்சம் பார்க்காமல், இன்னும் இருந்தன.

“கொதிநிலை?” என்றாள்.

“மைனஸ் நூத்தி எண்பத்தெட்டு டிகிரி, மேடம்.”

“அதுக்கும் கீழ போனா?”

“திரவமாயிடும். இன்னும் குளிர வச்சா திண்மம்.”

அவ்வளவு குளிரை அவள் நினைத்துப் பார்த்தாள். தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் ஒன்று, எங்கோ ஒரு குளிரில், யாரையும் தொடாமல், ஒரு சின்னக் கட்டியாகச் சுருண்டு கிடப்பதை.

அங்கே எவ்வளவு அமைதியாக இருக்கும்.

“இயற்கையில தனியா கிடைக்குமா?”

“கெடைக்காது மேடம். எதோடயாச்சும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். பாறையில ஃப்ளோரைடா இருக்கும்.” மாதேஸ்வரி கொஞ்சம் நிறுத்தினாள். “எங்க ஊரு தண்ணியில.”

“எந்த ஊரு?”

கேட்டிருக்கக் கூடாது.

“வேப்பங்கொட்டாய்.”

அந்த ஊரின் அடிபம்பை அவளுக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். கைப்பிடி மேலே போகையில் ஒரு முனகல். கீழே வருகையில் வேறொன்று. சித்திரையிலும் குளிர்ந்திருக்கும் தண்ணீர். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி, முழங்கை வழியே ஒழுக ஒழுகக் குடிக்க வேண்டும்.

சிவப்பிரகாசம் அவள் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

“போர் தண்ணி மேடம். சின்னதுலேர்ந்து அதையே குடிச்சு, அந்தப் பக்கம் பூரா பல்லு இப்படித்தான். சேலத்துல நீங்க எங்க பாத்திருக்கப் போறீங்க.”

சேலம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். காலையில், டீ குடிக்கும்போது, அவர் சொந்த ஊர் எது என்று விசாரித்தபோது.

இப்போது சொல்லலாம். ஒரே ஒரு ஊர்ப்பெயர்தான்.

“இல்ல சார்,” என்றாள். “பாத்ததில்ல.”

சொல் வெளியே வந்து மேசைமேல் நின்றது. அதற்கு நிறமே இல்லை.

மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாதேஸ்வரியின் பெயருக்கு நேரே முழு மதிப்பெண் போட்டாள். பேனா அழுத்தமாக ஓடியது.

“நல்லா சொன்னம்மா. போதும். அடுத்தவங்கள வரச் சொல்லு.”

தலை நிமிராமலே சொன்னாள்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை.

நிமிர்ந்தாள். மாதேஸ்வரி அங்கேயே நின்றிருந்தாள். வாசலில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“மேடம்.”

இந்த முறை அவள் கை வாய்க்குப் போகவில்லை.

“எல்லார்கிட்டயும் நிறம் கேட்டீங்க. என்கிட்டயும் கேளுங்க மேடம்.”