முன்பாதி வாடகைக்கு

போலீஸ்காரர்கள் வாடகைக்கு இருந்த தனுஷ்கோடியின் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார்கள். மேலே கேலண்டர் அட்டை என்று ஒட்டியிருந்தது. உள்ளே எல்லாம் கஞ்சா.

ஆள் எப்போதோ ஓடிவிட்டான்.

மாரித்தாய்க்கு வயிறு எரிந்தது. ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்ததில் முன்பாதி அவனுக்கு, பின்பாதி அவளுக்கு. பாவி, நல்லா இருப்பானா? அவன் செய்த வேலைக்கு வீட்டுக்காரர் காசிராஜன் அண்ணாச்சி அல்லவா தெருவில் தலைகுனிந்து நிற்கிறார்!

தெரிந்தே விட்டிருந்தால் வீட்டையும் சேர்த்து முடக்கிவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி ஆயுசுக்கும் சம்பாதித்தது திருத்தங்கலில் இந்த ஒரு வீடுதான். அது போனால் மாரித்தாயும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.

ஊரெல்லாம் சாதி கேட்டுக் கதவைச் சாத்தியபோது, எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்த மனுஷன். அவருக்காகப் பேசாமல் வேறு யாருக்காகப் பேசுவது?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள். அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளைகள் மேல் சத்தியம் என்றாள்.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் இறங்கி வந்த மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் அண்ணாச்சி பக்கம் திரும்பி, இத்தனை பெட்டி இறங்கியதே, ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

அண்ணாச்சிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கஞ்சாக்காரன் என்ற பேச்சை அவர் பரம்பரையே கேட்டதில்லை.

"கஞ்சான்னு தெரிஞ்சா விட்டிருப்பேனா சார்? லைசென்ஸ் இல்லாத வெடின்னுல்ல சொன்னான் அந்தப் பய! சீசன் முடியுற வரைக்கும் வச்சுக்கிடுதேன்னான். இங்கன ஊர்ல நடக்காததா? ஏம்மா மாரித்தாயி, நீயே சொல்லு!"

வெடியா?

மாரித்தாய் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தீப்பெட்டி இருக்கிறதா என்று வாசலிலேயே மடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தினமும் அவளை உள்ளே விடுவார்கள்.

அண்ணாச்சி இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரும் பார்த்தது. இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு அவள் அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"எங்க அடுப்பு அந்த நடுச்சுவத்த ஒட்டித்தான இருக்கு, அண்ணாச்சி?"