எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மாசி பிறந்ததும் ஊர்க்காரர்கள் முச்சந்தியில் ஓர் ஆமணக்குக் கொம்பை நட்டு, வைக்கோல் சுற்றி, இவன்தான் காமன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

உடனே சேவலும் கிடாவும் வந்து பழைய வழக்கை எடுத்தன.

“சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தாரு, காமன் எரிஞ்சு போனான். நான் எரிந்த கட்சி,” என்றது சேவல்.

“காமனாவது எரியறதாவது! நான் எரியாத கட்சி,” என்றது கிடா.

வைக்கோல் காமன் மெதுவாகக் கனைத்தான். “அண்ணே, நான் இங்கதான் நிக்கிறேன். என்னையே கேக்கலாமே?”

“நீ எந்தக் கட்சி?” என்றது சேவல்.

“கட்சியெல்லாம் இல்லண்ணே. நான் காமன்.”

“கட்சி இல்லாதவனுக்கு இங்க பேச்சு கிடையாது,” என்றது கிடா.

சேவல் ஒரு பாட்டுப் பாட, கிடா எதிர்ப்பாட்டுப் பாட, பௌர்ணமி வரை வழக்கு ஓயவில்லை. அன்று ஊர்க்காரர்கள் வந்து காமனுக்குத் தீ வைத்தார்கள்.

“கிடா அண்ணே, எரியுது!” என்று கத்தினான் காமன்.

“நான்தான் அப்பவே சொன்னேனே!” என்று சேவல் சந்தோஷத்தில் சிறகடித்தது. அந்தக் காற்றில் தீ இன்னும் எழும்பியது.

கிடா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எரியவே இல்ல. அடுத்த பாட்டைக் கேளு,” என்று தாடியில் விழுந்த சாம்பலை உதறிக்கொண்டது.

அடுத்த மாசியில் அதே இடத்தில் புதுக் காமன் நின்றான். காலடி மண் கறுத்திருப்பதைப் பார்த்தான்.

“அண்ணே, போன வருஷம் இங்க நின்னவர் எங்கே?”

சேவலும் கிடாவும் முதல்முறையாக ஒரே குரலில் அதட்டின:

“அதைத்தானே பேசிக்கிட்டிருக்கோம்! குறுக்கே பேசாதே.”