ஆஸ்பத்திரிச் சுவரோர மரம்

“வெளிநாட்டுப் பூமரமெல்லாம் வேண்டாம்மா. நம்ம மரமா ஒண்ணு சொல்லுங்க” என்று மாநகராட்சி ஆணையர் சொன்னதும் தோட்டத்துறை அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘மண்ணின் மகள்’. நாட்டு மரம், நாட்டு மரம் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சங்கு ஊதுகிறார். வாய்த்ததெல்லாம் செவிட்டுக் காதுகள். ஊர் முழுக்க நின்றதென்னவோ, காற்றடித்தால் கார்மேல் படுத்துக்கொள்ளும் சிவப்புப் பூமரம்தான்.

“ஆஸ்பத்திரி வெளிச் சுவரோரம், நடைபாதை நெடுக. என்ன வைக்கலாம்?”

கேட்டதுதான் தாமதம், மண்ணின் மகள் மடை திறந்தார். “இடிச்ச கட்டடக் கல்லைக் கொட்டின இடம் சார். மேல கரண்ட் கம்பி, சாயங்காலம் வெயில் சுள்ளுனு அடிக்கும். புங்கன் தாங்கும். நிழல் ஜில்லுனு இருக்கும்.”

“வேண்டாம்.”

“மகிழம்? அடர்த்தியா, வாசமா...”

“வேண்டவே வேண்டாம்.”

அம்மாவின் குரல் இறங்கியது. “வெள்வேல மரம் இருக்கு சார். தண்ணியே கேக்காது. ஆனா பொடி இலை, நிழலும் சல்லடை மாதிரி. அதோட முள்ளு வேற...”

“எவ்வளவு நீளம்?”

விரலைக் காட்டினார். லாட்டரி விழுந்தவன் போல ஆணையர் முகம் மலர்ந்தது.

“குருவிங்க பயமில்லாம கூடு கட்டும் சார்!” பூரித்துப்போனார் மண்ணின் மகள். இப்படியும் ஓர் அதிகாரியா!

“குருவி கிடக்கட்டும்மா. நோயாளியோட வந்தவங்க ராத்திரி கூட்டமா அங்கதான் விரிச்சுப் படுக்குறாங்க. விரட்டினா பேப்பர்ல போடுறான். மரம் நட்டா கைதட்டுவான். முள்ளுல எவன் படுப்பான்?”

மண்ணின் மகள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். போன வருஷம் தன் தாயை அங்கே சேர்த்திருந்தபோது, அதே சுவரோரம் போர்வை விரித்துக் கிடந்தவர் அவர். பக்கத்தில் படுத்திருந்த முன்பின் தெரியாத ஒருத்தி, விடிய விடிய அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“என்ன யோசனை? மனசு வரலேன்னா விடுங்க. இதைவிட நீள முள்ளா, வெளிநாட்டு மரமா இறக்கித் தர்றேன்னு ஒருத்தன் வாசல்லயே நிக்கிறான்.”

வெளிநாட்டு மரமா! அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பத்தடி இடைவெளி விட்டா நடுவுல ஒரு ஆள் தாராளமா நீட்டிப் படுத்துடலாம் சார், நாலடிக்கு ஒண்ணா நட்டுடுவோம்.”