கம்பியில் கட்டிய மஃப்ளர்

வியன்னாவின் அந்தப் பழைய இசையரங்கில் நின்று கேட்பவர்கள், முன்னாலிருக்கும் பித்தளைக் கம்பியில் மஃப்ளரைக் கட்டி இடம் பிடிப்பார்கள். கட்டியவர் வரும்வரை வேறு யாரும் அங்கே நிற்பதில்லை. நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம்.

திங்கட்கிழமை காலை கம்பியைத் துலக்க வந்த ரோஸ்விதா, அங்கே ஒரு சாம்பல்நிற மஃப்ளரைப் பார்த்தாள். அவள் பின்னியது. போன மாதம் கணவன் ஃபெர்டினாண்டைப் புதைத்தபோது அவன் கழுத்தில் சுற்றியிருந்தது. அதை ஒட்டி, பெண்கள் போடும் சிவப்பு மஃப்ளர் ஒன்று.

"அதே மாதிரி ஊர்ல ஆயிரம் இருக்கும்டி," என்றாள் கூட வேலை செய்யும் ஸென்கா.

"ஓரத்துல விட்டுப்போன பின்னல் என்னோடது. உனக்கு இசை புரியாதுன்னு சொல்லியே ஒருநாள்கூட என்னைக் கூட்டிட்டு வந்ததில்லடி இவன். இந்தச் சிவப்புக்காரிக்கு மட்டும் புரிஞ்சுதாமா?"

சிவப்பை அவிழ்த்துக் குப்பையில் போட்டாள். அந்த இடத்தில் தன் பச்சை மஃப்ளரை இறுக்கிக் கட்டினாள். அன்று கச்சேரி இல்லை. அரங்கைப் பூட்டியவளும் அவள்தான்.

மறுநாள் கம்பியில் சாம்பலும் சிவப்பும் இருந்தன. பச்சை, தொலைந்த பொருட்கள் அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் குத்தியிருந்த சீட்டில், உரியவர் பெயர் எழுதும் இடத்தில், ஃபெர்டினாண்டின் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது: 'தெரியாதவர்.'