கேள்வியாருக்கு ஒரு வேலை

வார்டன் முழங்காலில் நின்று கண்ணீர் விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார். "கர்த்தாவே, இந்தச் சகோதரனுக்கு எப்படியாவது ஒரு வேலையைக் கொடும்" என்று அவர் உருகிய உருக்கத்தில், கூடத்தில் இருந்தவர்களில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

யாருக்காக இந்த ஜெபமோ, அந்த ஆள் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வார்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் கேள்விதான் என்பதால் விடுதியில் அவருக்குக் கேள்வியார் என்று பெயர்.

தெருவில் படுத்துக் கிடக்கும் ஆண்களைக் கூட்டி வந்து, சோறு போட்டு, தொழில் பழக்கி, சொந்தக் காலில் நிற்க வைத்து அனுப்புவதுதான் அந்த விடுதியின் ஊழியம். கேள்வியாரும் பேருந்து நிலைய பெஞ்சிலிருந்து அப்படி வந்தவர்தான். சொந்தக் காலில் நில்லுங்கள் என்றால் மனுஷன் வார்டனின் காலை வாரப் பார்க்கிறார். அதுதான் தொல்லை.

ஆமென் சொன்ன கையோடு கேள்வியார் ஆரம்பித்தார். "ஐயா, ஒரு சந்தேகம். நன்கொடையா வந்த புது மெத்தையெல்லாம் எங்க? நாங்க இன்னும் வெறும் கட்டில் பலகைலதானே படுக்கறோம்."

"ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்கு பிரதர். விசுவாசம் வேணும்."

"ஸ்டோர் ரூமை நேத்து நான்தான் பெருக்கினேன், ஐயா."

மெத்தைகள் அத்தனையும் வார்டனுடைய மச்சானின் லாட்ஜில் சுகமாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை விடுதியை நடத்தும் கமிட்டிக்காரர்கள் வருகிறார்கள். இந்த ஆள் அவர்கள் முன்னால் வாயைத் திறந்தால் வேலை மட்டுமா போகும், வாடகையில்லாமல் குடியிருக்கும் மாடி வீடும் சேர்ந்து போகும்.

விரட்டிவிடவும் வழியில்லை. வேலை கிடைக்காத யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது கமிட்டியின் விதி. அவ்வளவு கண்ணீரும் அதற்காகத்தான்.

ஜெபம் வீண் போகவில்லை. மறுநாள் எட்டு மணிக்கு வார்டன் படுக்கையை விட்டு எழுந்து, காபியும் கையுமாக உட்கார்ந்தபோது கேள்வியார் வந்து நின்றார்.

"ஐயா, ஒரு வேலைக்குக் கேட்டிருக்கேன். உங்ககிட்டத்தான் என்னைப் பத்தி விசாரிப்பாங்க. உள்ளதைச் சொன்னாப் போதும்."

என்ன வேலை, எங்கே என்றுகூட வார்டன் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும். "கவலையை விடுங்க பிரதர். நான் பேசற பேச்சுல உடனே கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

மதியமே போன் வந்தது. பழக்கமில்லாத ஒரு பெண் குரல்.

"நாங்க ஆட்கள் தங்கற இடம் ஒண்ணு நடத்தறோம். அதைப் பொறுப்பா பாத்துக்க ஒருத்தர் வேணும். உங்ககிட்ட இருக்கறவரு கேட்டிருக்காரு. காலையில நேரத்துக்கு எழுந்திருப்பாரா?"

மச்சான் லாட்ஜ் மாதிரி ஏதோ ஒன்று என்று வார்டன் முடிவு கட்டிவிட்டார். "என்னம்மா அப்படிக் கேட்டுட்டீங்க. இங்க அஞ்சு மணி ஜெபத்துக்கு மணி அடிக்கறதே அவர்தான். ஜெபத்தையும் அவரே நடத்திடறாரு. நான் எழுந்து வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"கடை கண்ணிக்குப் போறது, சாமான் வாங்கறது?"

"அதுவும் அவர்தான். மீதிச் சில்லறையைக்கூடத் திருப்பிக் குடுத்துடுவாரு. நான்கூட அவ்வளவு பாக்க மாட்டேன்."

"குடிச்சிட்டு வரவங்க, சண்டை போடறவங்க எல்லாம் இருப்பாங்களே. சமாளிப்பாரா?"

"நான் சொன்னா ஒருத்தன் கேக்க மாட்டான்மா. அவர் ஒரு பார்வை பாத்தார்னா பெட்டிப் பாம்பா அடங்கிடுவாங்க."

"அப்போ அங்க எல்லாத்தையும் பாத்துக்கறது அவர்தான்னு சொல்லுங்க" என்றது குரல்.

வார்டனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் ஒரு தூக்கு தூக்கிவிட்டால் பீடை ஒழிந்தது. "சத்தியமா சொல்றேன்மா. அவர் இருந்தா நானே தேவையில்லை."

"ரொம்ப நன்றி. சாயங்காலமே வந்துடறோம்."

சாயங்காலம் வாசலில் கார் வந்து நின்றது. கேள்வியாரின் துணிப்பையை வார்டன் தானே தூக்கிக்கொண்டு ஓடினார். காரிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். அவருக்குப் பின்னால் இறங்கியவரைப் பார்த்ததும் வார்டனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கமிட்டித் தலைவர்.

"இவங்க நம்ம கமிட்டிக்குப் புதுச் செயலாளர்" என்றார் தலைவர். "மத்தியானம் உங்ககிட்ட போன்ல பேசினாங்களே."

செயலாளர் அம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார். "மெத்தை எங்கேன்னு கேட்டு இவர் எங்களுக்குப் போன் பண்ணினாரு. அப்படியே, இந்த வார்டனை ஏன் வெச்சிருக்கீங்கன்னாரு. வேற ஆள் கிடைக்கலைன்னோம். நான் ஏன் இருக்கக் கூடாதுன்னாரு. அதுக்குத்தான் உங்களை விசாரிச்சேன். சாவியைக் குடுங்க."

வார்டன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார்.

"மாடி வீட்டுச் சாவியும் இதுல இருக்கும்மா."

"இருக்கட்டும். அது வார்டன் குடியிருக்கற வீடுதானே."

"அப்ப நான் எங்க போய்ப் படுக்கறது?"

அந்த விடுதியில் வார்டன் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேள்வியார் அவர் கையிலிருந்த தன் துணிப்பையை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"கவலையை விடுங்க பிரதர். என் கட்டில் காலியாதான் இருக்கு" என்றார். "மெத்தைதான் கிடையாது."