மொத பம்ப்

"இன்னிக்காவது வாட்டர் பம்ப் வந்துச்சா பாய்?"

உதிரிபாகக் கடைப் படியேறும்போதே கலைவாணன் கத்தினார். கோயம்புத்தூரிலிருந்து அவர் ஓட்டிவந்த கண்டெய்னர் லாரி ரெட்டியார்பாளையத்தில் நின்று மூன்று நாளாகிறது. ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் பம்ப் வழியாகத் தெருவில் ஓடுகிறது. இனி ஒரு குடம் கொடுக்கவும் அந்தத் தெருவில் ஆளில்லை.

"வரலியே," என்றார் கடைக்காரர் ஷஹாபுதீன். "சரக்கு ஏத்தின லாரி வழியில படுத்துடுச்சாம்."

"மூணு நாளாவா? வண்டிய ஒழுங்கா வச்சிக்கத் தெரியாதவன்லாம் எதுக்கு ஸ்டீரிங் புடிக்கிறான்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். இருங்க, பார்சல் ஆபீசுல ரெண்டு வார்த்தை கேட்டுடுவோம்."

போனை ஸ்பீக்கரில் போட்டார். "என் பம்ப் பெட்டியெல்லாம் எங்க சார்?"

"ரெட்டியார்பாளையத்துல நிக்குது பாய். டிரைவர் கலைவாணன் எங்கியோ பம்ப் தேடிப் போயிருக்காராம்."



கலைவாணன் போனருகே குனிந்தார். "சார், நான்தான் கலைவாணன். பூட்டி சீல் வச்சிக் குடுத்தீங்க, உள்ள என்னா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? சீல உடைச்சி ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"சீல்ல கை வச்சா வேலை போயிடும். வண்டி குடோனுக்கு வரட்டும், இங்கதான் பிரிக்கணும்."

போன் வைக்கப்பட்டது. ஷஹாபுதீன் எழுந்து வந்து கலைவாணனின் தோளில் ஆறுதலாகக் கைவைத்தார்.

"கவலப்படாதீங்க. அந்த லாரி வந்ததும் மொத பம்ப் உங்களுக்குத்தான்."