பெட்டியின் மறுபாதி

பெண்ணை ரம்பத்தால் அறுக்கும் வித்தைக்கு இரண்டு பெண்கள் வேண்டும். பெட்டியின் ஒரு பாதியில் நான் முழங்காலை மடக்கிக்கொண்டு தலையை நீட்டுவேன். மறுபாதியில் மாயவித்தைக்காரர் ஹொரேஸின் மனைவி வின்னி கால்களை நீட்டுவாள்.

பிப்ரவரியில் வின்னியைப் புதைத்தோம். ஈஸ்டருக்கு மோர்கம் கடற்கரை அரங்கில் மறுபடி ஆட்டம். வின்னியின் இடத்துக்கு ஹொரேஸ் வேறு ஆள் எடுக்கவில்லை. ஆனாலும் மறுபாதியிலிருந்து கால்கள் நீண்டன, குதிகாலில் வின்னி ஒட்டுத் தைத்த அதே காலுறையோடு.

"அது யாருங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"நீ தலை, டோரீன். காலைப் பத்தி உனக்கென்ன கவலை? சிரி."

கோடை முழுக்க அவர் அந்த உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார். விரல்கள் துள்ளும், கூட்டம் சிரிக்கும். ஆட்டம் முடிந்து திறந்தால் அந்த மறுபாதியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நேற்று விரல்கள் துள்ளவில்லை.

"என்ன வின்னி, கோவமா?" என்றார்.

கூட்டம் எழுந்து போன பிறகும் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே இருந்தார். கால்கள் அசையவில்லை. மறையவும் இல்லை.